ஒரே பல்கலைக்கழகம், இரண்டு வாசல்கள்

புது தில்லி: சாணக்கியபுரியில் உள்ள சாந்தி பாதை, பல நாட்டுத் தூதரகங்கள் வரிசையாக அமைந்த அகன்ற சாலை. அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்தின் முன்பு கோடை மாதங்களில் தென்படும் காட்சி தில்லிவாசிகளுக்குப் பழகிப்போன ஒன்று. விசா நேர்காணலுக்காக மாணவர் உள்ளே செல்வார். பெற்றோர் வெளியே மர நிழலில் காத்திருப்பர். மாணவரின் கையிலுள்ள கோப்பில் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் இருக்கும். வங்கியின் கடன் ஒப்புதல் கடிதம் இருக்கும். அந்தக் கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்த வீட்டின் மதிப்பீட்டுச் சான்றும் பல நேரங்களில் உடன் இருக்கும்.

2025 மே 27 அன்று, மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிதாக நேரம் ஒதுக்குவதை நிறுத்தி வைக்கும்படி உலகெங்கும் உள்ள தனது தூதரகங்களுக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை ஆணையிட்டது. ஜூன் 18-ல் தடை விலக்கப்பட்டது. ஆனால், விண்ணப்பதாரரின் சமூக வலைதளப் பக்கங்களை அதிகாரிகள் ஆராய்வார்கள் என்ற புதிய நிபந்தனை சேர்ந்துகொண்டது. ஆகஸ்ட் மாதம் வகுப்புகள் தொடங்கும் நாட்டுக்குச் செல்ல வேண்டியவர்களுக்கு அந்த மூன்று வாரங்கள் சிறிய இழப்பல்ல.

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு சீனாவை முந்தி இந்தியா முதலிடம் பெற்றது அப்போதுதான். அடுத்த ஆண்டில் இந்த எண்ணிக்கை 3.63 லட்சமாக உயர்ந்தது. ஆனால், இந்த உயர்வு ஒரு சரிவை மறைத்துக் கொண்டிருக்கிறது. பட்ட மேற்படிப்பில் இருந்தவர்கள் ஏறத்தாழ 1.97 லட்சத்திலிருந்து 1.78 லட்சமாகக் குறைந்துவிட்டனர். முன்பே படித்து முடித்து, பயிற்சிப் பணி அனுமதியில் அங்கேயே வேலை பார்ப்போரின் எண்ணிக்கை பெருகியதால்தான் மொத்தக் கணக்கு கூடியது. 2025 இலையுதிர் பருவத்திலோ, எல்லா நாடுகளிலிருந்தும் புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் எண்ணிக்கை 17 சதவீதம் வீழ்ந்தது.

இந்திய மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் பொறியியலோ, கணினி அறிவியலும் கணிதமும் சார்ந்த துறைகளோ படிப்பவர்கள். அவர்களில் பெரும் எண்ணிக்கையினர் சேர்வது, அமெரிக்க மாநில அரசுகள் நிறுவிய பொதுப் பல்கலைக்கழகங்களில். இவர்களைப் பற்றிய விவாதம் நம் நாட்டில் எப்போதும் விசாவோடு நின்றுவிடுகிறது. அந்தப் பல்கலைக்கழகம் யாருடைய பணத்தில் நடக்கிறது, நம் மாணவர் எந்த வாசல் வழியாக அதனுள் நுழைகிறார் என்ற கேள்விகள் எழுவதில்லை. அவை எழ வேண்டும். ஏனெனில், ஒரு வாசலில் மாணவருக்கு ஊதியம் தந்து அழைக்கிறார்கள். மற்றொரு வாசலில் அவர் வீட்டை அடகு வைத்து நுழைகிறார்.

மக்காச்சோள வயலில்:

இதற்கு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் நல்ல எடுத்துக்காட்டு. சிகாகோவுக்குத் தெற்கே, மக்காச்சோள வயல்களுக்கு நடுவே, அர்பானா, ஷாம்பெயின் என்னும் இரட்டை ஊர்களில் அமைந்திருக்கிறது அது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1862 ஜூலை 2-ல் அதிபர் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டத்தின் விளைவு இது. ஒரு மாநிலத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தில் எத்தனை உறுப்பினர்களோ, ஒவ்வொருவருக்கும் 30,000 ஏக்கர் என்ற கணக்கில் மத்திய அரசு நிலம் வழங்கியது. அதை விற்று வரும் பணத்தில் வேளாண்மையும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளை மாநிலங்கள் நிறுவ வேண்டும் என்பது விதி. செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளின் உரிமையாக இருந்த உயர் கல்வி, உழவர்களின் பிள்ளைகளுக்கும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் திறந்தது இவ்வாறுதான்.

இந்த வரலாற்றுக்கு இருண்ட பக்கமும் உண்டு. வழங்கப்பட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஏக்கர் நிலம், பூர்வகுடி மக்களிடமிருந்து ஒப்பந்தம் என்றும் போர் என்றும் பறிக்கப்பட்டது. தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்களுக்கு அக்கல்லூரிகளின் கதவுகள் மூடியே இருந்தன. 1890-ல் வந்த இரண்டாவது மோரில் சட்டம், அவர்களையும் சேர்க்க வேண்டும் அல்லது தனிக் கல்லூரி அமைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்திய பிறகே நிலைமை சிறிது மாறியது.

இல்லினாய்ஸில் 1867-ல் நிறுவப்பட்டபோது அதன் பெயரே 'இல்லினாய்ஸ் தொழில் பல்கலைக்கழகம்'. 1876-ல் தொடங்கிய மக்காச்சோள ஆய்வு வயல் இன்றும் வளாகத்தின் நடுவே இருக்கிறது. அதன் மீது நிழல் விழக் கூடாது என்பதற்காக, 1960-களில் அருகே எழுந்த நூலகத்தைப் பூமிக்கடியில் கட்டினார்கள். அதே வளாகத்தில் 1952-ல் 'இல்லியாக்' கணினி இயங்கியது. டிரான்சிஸ்டரைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஜான் பார்டீன் 1951 முதல் அங்கு பேராசிரியர். இயற்பியலுக்கான நோபல் பரிசை 1956-லும் 1972-லும் இருமுறை பெற்றவர் அவர். 1993-ல் சாதாரண மக்களும் இணையத்தைப் பார்க்க வழிசெய்த 'மொசைக்' என்னும் உலாவி உருவானதும் அங்கேதான். இவை அனைத்துக்கும் அடிப்படை பொதுப் பணம்.

தில்லிக்கும் அந்த வயலுக்கும் பழைய உறவு உண்டு. 1960 நவம்பர் 17-ல் பிரதமர் நேரு திறந்து வைத்த பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம், இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் உதவியோடு, அமெரிக்க நில மானியப் பல்கலைக்கழகங்களின் முறையில் அமைந்தது. அடுத்து கான்பூர் ஐ.ஐ.டி. அதை வளர்த்தெடுக்க 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள் துணை நின்றன. அவற்றுள் பெர்க்லி, மிச்சிகன், ஒஹாயோ, பர்டியூ ஆகிய நான்கும் அரசுப் பல்கலைக்கழகங்கள்.

முதல் வாசல்:

அமெரிக்கப் பொறியியல் பட்ட மேற்படிப்பின் பெருமை அனைத்தும் முதல் வாசலில் இருக்கிறது. அது ஆய்வின் வாசல். தேசிய அறிவியல் அறக்கட்டளை, பாதுகாப்புத் துறை, எரிசக்தித் துறை, நாசா போன்ற மத்திய அமைப்புகளிடம் பேராசிரியர் ஆய்வுத் திட்டம் அளித்து மானியம் பெறுகிறார். அந்த மானியத்திலிருந்து மாணவர் ஒருவரை ஆய்வு உதவியாளராக நியமிக்கிறார். வழக்கமாக வாரத்துக்கு 20 மணி நேர வேலை. மாணவருக்குக் கல்விக் கட்டணம் இல்லை. வாழ்க்கைச் செலவுக்கு மாத ஊதியம் உண்டு. மானியம் கிடைக்காதவர் இளநிலை மாணவருக்குப் பாடம் நடத்தியும், விடைத்தாள் திருத்தியும், ஆய்வுக்கூடத்தைக் கவனித்தும் கற்பித்தல் உதவியாளராகலாம். பி.எச்டி. மாணவர்களுள் மிகப் பலரும், ஆய்வேடு எழுதும் எம்.எஸ். மாணவர்களுள் ஒரு பகுதியினரும் இந்த வழியில் படிக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு ஈகை அன்று. மாணவர் உழைக்கிறார், அந்த உழைப்பில் பேராசிரியரின் ஆய்வு நடக்கிறது. தங்கள் உரிமைக்காக அவர்கள் போராடியதும் உண்டு. கட்டண விலக்கு பறிபோகலாம் என்ற அச்சம் எழுந்தபோது, 2018-ல் இல்லினாய்ஸ் வளாகத்தின் கற்பித்தல் உதவியாளர்கள் ஏறத்தாழ இரு வாரம் வேலைநிறுத்தம் செய்து அதற்குப் பாதுகாப்புப் பெற்றனர்.

பட்ட மேற்படிப்புக்காக அத்தகைய பல்கலைக்கழகங்களுக்குச் சென்றவர்களின் வரலாறு நீண்டது. இந்திய விண்வெளித் திட்டத்தைக் கட்டி எழுப்பிய சதீஷ் தவான், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1947-ல் முதுநிலைப் பட்டம் பெற்றுப் பின்னர் கால்டெக் சென்றவர். டாக்காவில் பிறந்து, கொல்கத்தா அருகே சிப்பூரில் பொறியியல் பயின்ற பஸ்லுர் ரஹ்மான் கான், 1952-ல் உதவித்தொகை பெற்று இல்லினாய்ஸ் சென்றார். மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுநிலைப் பட்டங்களும் முனைவர் பட்டமும் பெற்றார். சிகாகோவின் 110 மாடி சியர்ஸ் கோபுரத்தைத் தாங்கி நிற்பது அவருடைய கட்டமைப்பு முறையே. ஹரியாணாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா, சண்டீகரில் பொறியியல் முடித்து, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்திலும் கொலராடோ பல்கலைக்கழகத்திலும் விண்வெளிப் பொறியியல் பயின்றார். இரண்டும் அரசுப் பல்கலைக்கழகங்கள். ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவர் அரவிந்த் கிருஷ்ணா கான்பூர் ஐ.ஐ.டி.யில் பட்டமும் இல்லினாய்ஸில் முனைவர் பட்டமும் பெற்றவர்.

இரண்டாம் வாசல்:

இரண்டாம் வாசல் கட்டணத்தின் வாசல். பாடங்களை மட்டும் படித்து, ஆய்வேடு இன்றி, ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகளில் முடிக்கும் முதுநிலைப் படிப்பு அது. உதவியாளர் பணியோ கட்டண விலக்கோ பொதுவாகக் கிடையாது. மாணவர் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். சென்ற பதினைந்து ஆண்டுகளில் இந்தியர் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்த படிப்புகளில் பெரும் பகுதி இந்த வகைதான்.

இவ்வாசல் அகலமானதற்குக் காரணம் அமெரிக்க மாநிலங்களின் நிதி அரசியல். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு பல மாநிலங்கள் தங்கள் பல்கலைக்கழகங்களுக்கான ஒதுக்கீட்டை வெட்டின. இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் இடையிலான மோதலால் 2015 ஜூலை தொடங்கி இரண்டு ஆண்டுகள் முழுமையான வரவு-செலவுத் திட்டமே இல்லை. இண்டியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழகம், உள்மாநில மாணவர் கட்டணத்தை 2013 முதல் உயர்த்தாமல் ஆண்டுக்கு 10,000 டாலருக்குச் சற்றுக் குறைவாகவே வைத்திருந்தது. வெளியிலிருந்து வருபவர் செலுத்தியதோ அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. உள்ளூர் மாணவருக்குக் கட்டணம் உயர்ந்தால் வாக்காளர் கேள்வி கேட்பார். வெளிநாட்டு மாணவருக்கு அங்கே வாக்கு இல்லை.

இல்லினாய்ஸ் போன்ற ஓர் இடத்தில் பொறியியல் முதுநிலைக்குக் கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவுமாக ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் ஆகிறது. 2025 டிசம்பரில் டாலரின் மதிப்பு 90 ரூபாயைத் தாண்டியது. அந்தக் கணக்கில் ஓர் ஆண்டுக்கு 45 லட்சம் ரூபாய். குடும்பச் சேமிப்பு போக 40 லட்சம் கடன் வாங்கினால், 11 சதவீத வட்டியில் மாதம் 36,000 ரூபாய்க்கு மேல் வட்டி மட்டும் ஆகும். நம் நாட்டின் பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்களில் புதிய பொறியாளரின் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் அளவிலேயே இருக்கிறது. ஊர் திரும்பி இங்கே அத்தகைய வேலையில் சேர்பவரால் இந்தக் கடனை அடைக்க இயலாது. கடன் ஒப்பந்தத்தில் எழுதப்படாத நிபந்தனை ஒன்று உண்டு: படித்தவர் டாலரில் சம்பாதித்தாக வேண்டும்.

அதற்கு அமெரிக்கச் சட்டம் இரண்டு படிகளை வைத்திருந்தது. பொறியியல் படித்தவர் மூன்று ஆண்டுகள் வரை பயிற்சிப் பணியில் இருக்கலாம் என்பது முதற்படி. அடுத்தது எச்-1பி விசா. ஆண்டுக்கு 65,000 விசாக்கள் பொதுவாகவும், அமெரிக்காவில் முதுநிலை அல்லது அதற்கு மேல் படித்தவர்களுக்கென 20,000 விசாக்கள் தனியாகவும் ஒதுக்கப்படுகின்றன. பொதுப் பல்கலைக்கழகம் அல்லது இலாப நோக்கற்ற பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டத்துக்கு மட்டுமே இந்தத் தனி ஒதுக்கீடு பொருந்தும். இரண்டாம் வாசலுக்கு அழைக்கும் முகவர்கள் பாடத்திட்டத்தைப் பற்றி அதிகம் பேசாமல் விசாவைப் பற்றியே பேசுவதன் காரணம் இதுதான்.

ஆட்டம் கண்ட ஆண்டு:

2025-ல் இந்தப் படிகள் ஆட்டம் கண்டன. செப்டம்பர் 19-ல் அதிபர் டிரம்ப் வெளியிட்ட பிரகடனம், புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்தது. அமெரிக்காவிலேயே இருந்து மாணவர் விசாவிலிருந்து மாறுவோருக்கு இது பொருந்தாது என்று அக்டோபரில் விளக்கம் வந்தது. அந்த ஒரு மாதத்தில் எத்தனை வீடுகளில் உறக்கம் தொலைந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. டிசம்பரில் மற்றோர் அறிவிப்பு: எச்-1பி விசாவுக்கான குலுக்கலில் கூடுதல் ஊதியம் பெறுவோருக்குக் கூடுதல் வாய்ப்பு தரப்படும். அப்போதுதான் படித்து முடித்து, குறைந்த ஊதியப் படிநிலையில் சேரும் இளைஞருக்கு இது பாதகம்.

முதல் வாசலும் தப்பவில்லை. ஏப்ரலில் சில ஆயிரம் வெளிநாட்டு மாணவர்களின் குடியேற்றப் பதிவுகள் முன்னறிவிப்பின்றி நீக்கப்பட்டன. வழக்குகள் குவிந்த பிறகு அம்மாத இறுதியில் பதிவுகள் மீட்கப்பட்டன. தேசிய அறிவியல் அறக்கட்டளை நூற்றுக்கணக்கான ஆய்வு மானியங்களை இடையிலேயே ரத்து செய்தது. ஆய்வுக்கூடத்தின் மின்சாரம், கட்டடம், நிர்வாகம் ஆகியவற்றுக்கு மானியத்தோடு சேர்த்துத் தரப்படும் மறைமுகச் செலவுத் தொகையை 15 சதவீதத்துக்குள் அடக்கவும் முயன்றது. நீதிமன்றம் அதைத் தடுத்தது. மாணவர் விசாவை அதிகபட்சம் நான்கு ஆண்டுகளாகக் குறுக்கும் விதியை அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஆகஸ்டில் முன்மொழிந்தது. பொறியியலில் பி.எச்டி. முடிக்க ஐந்து ஆண்டுகள் ஆவது இயல்பு.

எனினும் இரண்டு வாசல்களிலும் விழுந்த அடி ஒன்றல்ல. ஆய்வு உதவியாளர் பணி இழந்தால் மாணவர் படிப்பை இழக்கிறார், அது பேரிழப்புதான். ஆனால் ஊர் திரும்பும்போது அவர் தலையில் கடன் இல்லை. கட்டணம் செலுத்திப் படித்தவருக்கு வேலை இல்லையென்றால் அவருடைய பெற்றோர் வீட்டை இழக்கிறார்கள். ஓர் அயல்நாட்டு அரசின் கொள்கை மாற்றத்தின் முழுச் சுமையையும் கர்னாலிலோ கரீம்நகரிலோ கோவையிலோ இருக்கும் ஒரு நடுத்தரக் குடும்பம் தனியாகச் சுமக்கிறது.

தில்லியின் பொறுப்பு:

இதில் தில்லியின் பங்கு என்ன? நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போது அரசு எண்ணிக்கை தருகிறது: கல்விக்காக வெளிநாடு சென்றவர்கள் 2023-ல் சுமார் 8.9 லட்சம், 2024-ல் சுமார் 7.6 லட்சம். கல்விக்காக வெளியே அனுப்பப்பட்ட தொகை 2024-25-ல் ஏறத்தாழ 290 கோடி டாலர் என்கிறது ரிசர்வ் வங்கி. வெளிநாடு செல்வோருக்கு அரசு செய்துள்ள பெரிய உதவி, கல்விக் கடனில் அனுப்பும் பணத்துக்கு முன்கூட்டிப் பிடித்த வரியை 2025 ஏப்ரல் முதல் நீக்கியது. கடன் வாங்குவது எளிதாகியிருக்கிறது. எந்தப் படிப்புக்கு வாங்குகிறோம் என்று சொல்லித் தருவார் இல்லை.

பணமில்லாத, ஆனால் தகுதியுள்ள மாணவரின் நிலையைப் பார்ப்போம். தாழ்த்தப்பட்ட வகுப்பினர் உள்ளிட்டோருக்காக மத்திய சமூக நீதி அமைச்சகம் நடத்தும் தேசிய அயலக உதவித்தொகைத் திட்டத்தில் ஆண்டுக்கு 125 இடங்கள்தான். 2025 ஜூலையில் தேர்வு பெற்ற 106 பேரில் முதலில் 40 பேருக்கே கடிதம் வந்தது. ஏனையோர், நிதி இருந்தால் பார்க்கலாம் என்ற நிபந்தனையோடு காத்திருக்க வைக்கப்பட்டனர். ஒரு நாட்டின் முன்னுரிமைகளை அறிய இந்த இரண்டு எண்களே போதும்.

உள்நாட்டில் என்ன இருக்கிறது? கேட் தேர்வில் தேறி எம்.டெக். சேரும் மாணவருக்கு உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் 37,000 ரூபாய். 2018-ல் அறிவிக்கப்பட்ட பிரதமர் ஆய்வு உதவித்தொகை 70,000 ரூபாயில் தொடங்குகிறது. அது கிடைப்பதோ மிகச் சிலருக்கு. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவாவது 0.64 சதவீதம். அமெரிக்காவில் அது 3 சதவீதத்துக்கும் மேல். 2023-ல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் பெரும் பகுதி தனியாரிடமிருந்து வர வேண்டும் என்றும் சொன்னார்கள். 2025-ல் தனியார் துறை ஆராய்ச்சிக்கென ஒரு லட்சம் கோடி ரூபாய் நிதித் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

இவை வரவேற்கத் தக்கவை. ஆனால், அமெரிக்க வரலாறு கூறும் பாடம் வேறு. அங்கே பொறியியல் ஆய்வைப் பரவலாக்கியவை தலைநகரில் பொறுக்கி எடுத்த நான்கைந்து நிறுவனங்கள் அல்ல; மாநிலந்தோறும் அமைந்த அரசுப் பல்கலைக்கழகங்கள். நம் நாட்டிலும் மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களின் கீழ்தான் படிக்கிறார்கள் என்று நீதி ஆயோக் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அவற்றில் பலவும் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அலுவலகங்களாகவே சுருங்கிக் கிடக்கின்றன. மத்திய அரசின் ஆய்வு நிதி மாநிலப் பல்கலைக்கழகத்தின் வாசலை எட்டாத வரையில், அங்கே ஒரு பேராசிரியர் தம் மாணவருக்கு ஊதியம் தந்து ஆய்வு செய்விக்க இயலாது. அந்த மாணவர் சாந்தி பாதைக்கு வருவதைத் தடுக்கவும் இயலாது.

அதுவரை, கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் பெற்றோர் சேர்க்கைக் கடிதத்தை ஒருமுறை கூர்ந்து படிக்கலாம். ஆய்வேடு உள்ள படிப்பா, பாடம் மட்டுமா? உதவியாளர் பணி எழுத்தில் உறுதி செய்யப்பட்டிருக்கிறதா? கட்டண விலக்கு எத்தனை ஆண்டுகளுக்கு? நிதியுதவியோடு வரும் அழைப்புக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அவகாசம் தருகின்றன. அவசரப்படுத்தும் முகவருக்கு அஞ்ச வேண்டியதில்லை. விசா கிடைக்காவிட்டாலும், வேலை கிடைக்காவிட்டாலும் இந்தப் படிப்பு இந்த விலைக்குத் தகுமா என்பதே இறுதிக் கேள்வி.

உழவரின் பிள்ளையும் பொறியாளராக வேண்டும் என்று ஓர் அரசு தன் பொது நிலத்தை விற்றுக் கட்டிய பல்கலைக்கழகம் அது. இன்று அதன் கட்டண வாசலில் நுழைவதற்காக இங்கே ஓர் உழவர் தன் நிலத்தை விற்கிறார் என்றால், அதை அமெரிக்காவின் குற்றமாக மட்டும் சொல்லிவிட்டு தில்லி கைகழுவ முடியாது. பந்த்நகருக்கும் கான்பூருக்கும் அடித்தளமிட்ட நாடு, அந்த வேலையை அத்துடன் நிறுத்திவிட்டதற்கான விலையையே அவர் கொடுக்கிறார்.